இரண்டு போத்தல் தேன்

மாக்ரெட் தன் தையல் கூடையிலிருந்து இரண்டு போத்தல்களை எடுத்துக் கடை மேசையில் வைத்தபோது, ராசிக் ஒரு வாடிக்கையாளருக்கு இஞ்சிச் சாற்றில் தேன் கலந்து குடிக்கும் முறையை மூன்றாவது தடவையாக விளக்கிக்கொண்டிருந்தான். கொழும்பு வெள்ளவத்தையில் அவனுடைய நாட்டு மருந்துக் கடையை எல்லோரும் தேன்கடை என்றுதான் சொல்வார்கள். இருமலுக்குத் தேன், சுட்ட புண்ணுக்குத் தேன், சூரணம் குழைக்கத் தேன், பாட்டு வகுப்புப் பிள்ளைகளின் தொண்டைக்குத் தேன். ஒரு வயதாகாத குழந்தைக்கு மட்டும் கொடுக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னதையும் மறக்காமல் சொல்லி அனுப்புவான். விற்கிற தேனைவிடப் பேசுகிற பேச்சுத்தான் அந்தக் கடையில் அதிகம்.

கடையின் உள்மூலையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர் நாகேந்திரம். சுங்கத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஊரார் பெட்டிகளைத் திறந்து பார்த்து ஓய்வு பெற்றவர். சீனி வருத்தக்காரர், தேன்கடையில் தினமும் உட்கார்ந்திருந்தும் ஒரு சொட்டுத் தேன் நாக்கில் படாத பாவி. அயலில் யாருக்காவது அவிழ்க்க முடியாத முடிச்சு விழுந்தால் அவரிடம்தான் வருவார்கள். அவருக்கு உதவியாளனாக ராசிக் தன்னைத்தானே நியமித்துக்கொண்டு நாலு வருஷம் ஆகிறது. சம்பளமும் இல்லை, அவர் அதை ஒத்துக்கொண்டதும் இல்லை.

"ஐயா, இதில எது என்ர மகன் அனுப்பினது? அதை மட்டும் சொல்லுங்கோ. வியாழக்கிழமை நான் வவுனியாவுக்கு வெளிக்கிடுறன்" என்றார் மாக்ரெட்.

கொட்டாஞ்சேனையில் தையல் வேலை செய்பவர். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். பங்குத் தந்தையின் காரில் வந்ததால் வழியில் காவல் அரண்களில் ஒருவரும் மறிக்கவில்லை என்றார். நாகேந்திரம் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "முதலில இருந்து சொல்லுங்கோ, அம்மா" என்றார்.

மாக்ரெட்டின் ஒரே மகன் கிளறன்ஸ். தொண்ணூற்றேழாம் ஆண்டுத் தொடக்கத்தில், கலியாணமாகி ஆறு மாதத்தில், வன்னியில், மடுப் பக்கத்தில், அகதி முகாமொன்றில் வேலை செய்யப் போனவன். அந்த வருஷம் ஆகஸ்டில் அவனுடைய கடைசிக் கடிதம் வந்தது. அதைப் பார்க்காமலே சொன்னார் மாக்ரெட்.

"'இனிக் கடிதம் எழுதினா ரெண்டு பக்கமும் பிரிச்சுப் படிக்கிறாங்கள், அம்மா. உங்கட இருமலுக்குத் தேன் அனுப்புறன். தேன் வந்தா நான் சுகமா இருக்கிறன் எண்டு நினையுங்கோ.' அவ்வளவுதான் ஐயா. அந்த டிசம்பரில இருந்து மூண்டு மாசத்துக்கு ஒருக்காப் போத்தல் வருது. பக்கத்து லேனில இருக்கிற வேலுசாமி லொறியில மா மூட்டை ஏத்திக்கொண்டு வவுனியாவுக்குப் போய் வாறவன். அவன்தான் கொண்டு வந்து தருவான். மடுப் பக்கமிருந்து வந்த ஆக்கள் குடுத்ததெண்டு சொல்லுவான்."

"இது எத்தனையாவது?"

"ஆறாவது. போன வெள்ளிக்கிழமை வந்தது. தவக்காலத்தில நான் இனிப்புத் தொடுறேல்லை. அதால உடைக்காமல் வைச்சிருந்தனான். அடுத்த நாள் நான் கோயிலுக்குப் போன நேரம் ஒரு கிழவி வந்து மற்றப் போத்தலைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிட்டைக் குடுத்திட்டுப் போயிருக்கிறா. 'முள்ளியவளையில கிளறன்ஸ் தம்பி குடுத்தது, தேன் குறைஞ்சு போச்சு, மன்னிக்கச் சொல்லுங்க' எண்டாவாம். எங்கட வீட்டு வாசலில நிண்டு சுவரில இருக்கிற கிளறன்ஸின்ர படத்தைக் கனநேரம் பார்த்தவாவாம். குடுத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் விறுவிறெண்டு போயிட்டாவாம்."

வன்னியின் மேற்குக் கோடியில் மடு எங்கே, கிழக்குக் கோடியில் முள்ளியவளை எங்கே! இரண்டு பக்கமும் போக மாக்ரெட்டுக்கு உடம்பும் இல்லை, இராணுவத்தின் பயணப் பாஸும் கிடைக்காது. எந்தப் போத்தல் மகனுடையதோ அந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்திருந்தார்.

"வீட்டில வேற ஆர்?"

"மருமகள் றோஸி. இஞ்சை வெள்ளவத்தையிலதான் ஒரு கந்தோரில டைப்பிஸ்ட். போக வேண்டாமெண்டு மூண்டு நாளா அழுகிறாள். நல்ல பிள்ளை, ஐயா. புருஷன் வருமட்டும் புதுச்சட்டை போட மாட்டனெண்டு ரெண்டு நத்தார்ப் பெருநாளுக்கும் அளவெடுக்கவே விடேல்லை. நான் ஊருக்கெல்லாம் தைக்கிறன், என்ர வீட்டுப் பிள்ளை பழசோட திரியுது."

ராசிக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலுசாமி கொண்டு வந்த போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். கழுத்துவரை நிறைந்து, தெளிந்த பொன்னிறம். மூடியின்மேல் வெள்ளை மெழுகு கிண்ணென்று ஊற்றி இறுக்கியிருந்தது. மற்றதோ பழைய சாராயப் போத்தல். பாதிதான் இருந்தது. வாயில் கந்தல் துணி திருகியிருந்தது. துணியை இழுத்ததும் புஸ்ஸென்று நுரை வந்தது. அவன் ஒரு சொட்டைக் கடதாசியில் விட்டான், ஊறிப் பரவியது. திரியில் தோய்த்துப் பற்றவைத்தான், பொரிந்து அணைந்தது. விரலில் தொட்டு நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"புளிக்கிது ஐயா. தண்ணி கலந்த சாமான். அதுக்குள்ள என்னமோ தூசியும் ஈக்கிது. மற்றதப் பாருங்க, பாத்தாலே செல்லலாம், அசல். யாரோ கள்ளி ஒருத்தி இந்த உம்மாவ ஏமாத்தப் பாக்கிறா."

"ஒண்டும் கேக்காமல் ஏமாத்திப்போட்டுப் போன கள்ளியோ?" என்றார் நாகேந்திரம். "அந்த மெழுகை உடைக்காதையும். ரெண்டும் என்னோட இருக்கட்டும், அம்மா. புதன்கிழமை பின்னேரம் உங்கட வீட்டை வாறன்."

மாக்ரெட் போகும்போது மெழுகுப் போத்தலைத் திரும்பிப் பார்த்தார். அவர் எந்தப் போத்தலை நம்ப விரும்பினார் என்பது ராசிக்குக்குத் தெளிவாகவே தெரிந்தது. ஆறு தடவை வந்த நம்பிக்கையை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள்?

திங்கட்கிழமை காலை இருவரும் முச்சக்கர வண்டியில் முகத்துவாரத்துக்குப் புறப்பட்டார்கள். அந்தக் கிழவி அங்கே மீன் வாடிக்குப் பக்கத்தில் அண்ணன் மகன் இராமர் வீட்டில் இருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லியிருந்தாள். போத்தல் பை ராசிக்கின் மடியில். பாதி வழியில் காவல் அரண் ஒன்றில் மறித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்து முடித்த இராணுவப் பையன் பைக்குள் எட்டிப் பார்த்தான்.

"மேக்கே மொனவாத?" இதற்குள் என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"பெணி, மாத்தயா" என்றான் ராசிக். தேன்தான் என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்?

"பீலா பென்னன்ன." குடித்துக் காட்டு என்கிறான்.

வேறு வழியில்லை. ராசிக் வெள்ளை மெழுகை நகத்தால் உடைத்து ஒரு வாய் குடித்தான். அரைப் போத்தலிலும் ஒரு வாய். பையன் திருப்தியாகித் தலையாட்டினான். வண்டி புறப்பட்டது. ராசிக் மெழுகுப் போத்தலின் வாயை விரலால் துடைத்து மறுபடி நக்கிப் பார்த்தான். அந்தத் தேனை அவனுக்குத் தெரியும். தன் கையெழுத்தைத் தெரிவதுபோலத் தெரியும்.

"வெள்ளவத்தையில இருந்து இவ்வளவு தூரம் வரமுன்னமே மெழுகு உடைஞ்சு போச்சு" என்றார் நாகேந்திரம் வீதியைப் பார்த்தபடி.

இராமரின் வீடு பலகையும் தகரமுமாக இருந்தது. வாசலில் கருவாடு காய்ந்தது. கிழவியின் பெயர் ஆறாயி. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போனவள். இப்போது அங்கிருந்தும் பேரனோடு வெளியேறி, மூன்று வாரத்துக்கு முன்தான் கொழும்புக்கு வந்திருந்தாள். நாகேந்திரத்தின் கையில் போத்தலைக் கண்டதும் நெஞ்சில் கைவைத்தாள்.

"அய்யா, கேக்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க. அந்த வீட்டுல இன்னமும் தெரியாதுங்களா?"

நாகேந்திரம் போத்தலைத் தரையில் வைத்தார். சாக்குக் கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தார். அப்போதுதான் ராசிக்குக்கு விளங்கியது. கிளறன்ஸ் இறந்துவிட்டான்.

"படத்துக்கு வெளக்கு இல்ல, மாலை இல்ல. சிரிச்ச முகமா சும்மா தொங்குது. தெரியாத வீட்டுக்குள்ள நான் எந்த வாயால சொல்லுவேன்? குடுத்துட்டு ஓடி வந்துட்டேங்க" என்றாள் ஆறாயி.

"புதன்கிழமை என்னோட வந்து சொல்லுவீங்களோ?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சரி என்றாள்.

திரும்பும் வழியில் நாகேந்திரம் வண்டியைக் கடலோரம் நிறுத்தச் சொன்னார். ராசிக் அதற்குமேல் அடக்க மாட்டாமல் அழுதே விட்டான்.

"ஐயா, அந்த மெழுகுப் போத்தல்ல ஈந்தது ஏண்ட கடைத் தேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா ஒரு புள்ள வருவா. மெலிஞ்ச புள்ள, பழைய சட்டதான், ஆனா தைச்ச தையல் அவ்வளவு நேர்த்தி. 'மடுத் தேன்தானே, நிச்சயமா?' எண்டு ஒவ்வொரு தரமும் கேப்பா. பெரிய போத்தல் ஒண்டு, சின்னப் போத்தல் ஒண்டு வாங்கிட்டுப் போவா. நூத்துக்கு நூறு எண்டு நானும் செல்லுவன்."

"மடுத் தேனோ அது?"

ராசிக் கடலைப் பார்த்தான். "வன்னிப் பாதை மூடின நாளையில இருந்து எனக்கு மடுத் தேன் ஏது, ஐயா? ஊவாப் பக்கம், பிபிலையில இருந்து வாற தேன். லேபிளை மாத்தல்ல. சனங்களுக்கு அந்தப் பேருதான் விருப்பம்."

நாகேந்திரம் திட்டவில்லை. திட்டியிருந்தால் ராசிக்குக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

புதன்கிழமை பின்னேரம் மாக்ரெட்டின் சிறிய முன்னறையில் ஆறு பேர் நெருக்கியடித்துக் கூடியிருந்தார்கள். வேலுசாமி கதவோரம் தலைகுனிந்து நின்றான். ஆறாயி தரையில் இருந்தாள். றோஸி தையல் மெசினுக்குப் பக்கத்தில். ராசிக் அவளைப் பார்த்ததும் அவள் கண்களை மூடிக்கொண்டாள். மூலையில் மாக்ரெட்டின் பயணப் பை கட்டிவைத்தபடி தயாராக இருந்தது. சுவரில் கிளறன்ஸ் சிரித்துக்கொண்டிருந்தான்.

நாகேந்திரம் இரண்டு போத்தல்களையும் மெசின்மேல் வைத்தார். "அம்மா, நீங்கள் கேட்டது ஒரு கேள்வி. அதுக்கு மட்டும் மறுமொழி சொல்லிப்போட்டுப் போக என்னால ஏலாது. மற்றதையும் சொல்லவேண்டி வரும். சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ." மாக்ரெட்டின் குரல் அசையவில்லை.

"இந்த மெழுகுப் போத்தலைப் பாருங்கோ. திங்கட்கிழமைவரைக்கும் இதின்ர மெழுகு உடையேல்லை. கொழும்புக்குள்ளை மறிச்சாலும் மறிப்பாங்கள், விட்டாலும் விடுவாங்கள். ஆனா வன்னியில இருந்து வெளியில வாற பாதையில ஒரு ஊசியும் அவிழ்க்காமல் வராது. தண்ணிப் போத்தலெண்டாலும் திறந்து குடிச்சுக் காட்டவேணும். மூடி முத்திரை வைச்ச போத்தல் அந்தப் பாதையால வந்திருக்கவே ஏலாது. மெழுகும் தேன்மெழுகில்லை, கோயிலில கொளுத்துற வெள்ளை மெழுகுதிரி. தேன் சிந்தாமல் இருக்கவேணுமெண்டு பக்குவமாச் செய்த வேலை. அந்தப் பாதையை ஒரு நாளும் காணாத ஆள்தான் இப்பிடிப் பக்குவம் பார்க்கும்."

மாக்ரெட் வேலுசாமியைப் பார்த்தார். அவன் சுவரோடு ஒட்டிப்போனான்.

"மற்றது?" என்றார் மாக்ரெட்.

"மற்றதைக் கள்ளச் சாமான் எண்டார் ராசிக். கள்ளத் தேன் செய்யிறவன் அசல் மாதிரித்தான் செய்வான், இப்பிடிக் கண்டவுடனை கள்ளமெண்டு தெரியிற மாதிரிச் செய்யமாட்டான். ராசிக், மழை நாளில எடுத்த காட்டுத் தேன் எப்பிடி இருக்கும்?"

"தண்ணியா ஈக்கும், ஐயா" என்றான் ராசிக் மெல்ல. "நாள் போனாப் புளிச்சு நுரைக்கும். தூசி எண்டு நான் சென்னது கூட்டு மெழுகும் பூச்சிக் காலும். எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும். அது அசல். மற்றது ஏண்ட கடையில வாங்கினது."

மாக்ரெட்டின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைக் காண ராசிக்குக்குத் தாங்கவில்லை.

"அப்ப முள்ளியவளை. அவன் முள்ளியவளையில இருக்கிறான். அப்பிடித்தானே?"

"மாமி" என்றாள் றோஸி.

அவள் எழுந்து மாக்ரெட்டின் காலடியில் உட்கார்ந்தாள். "மாமி, நான்தான் வாங்கினது. ஆறும் நான்தான். வேலுசாமி அண்ணையைப் பேசாதேங்கோ, நான் கையெடுத்துக் கும்பிட்டபடியாத்தான் கொண்டு வந்து தந்தவர். அந்த நவம்பரிலயே வன்னியால வந்த ஒரு ஆள் என்ர கந்தோருக்கு வந்து சொன்னது. முகாமில ஷெல் விழுந்தது, கிளறன்ஸ் போயிட்டார் எண்டு. வீட்டை வந்தனான் சொல்லுறதுக்கு. நீங்கள் கதவைத் திறந்து, 'தேன் வந்ததோ பிள்ளை' எண்டு கேட்டீங்கள்."

மாக்ரெட் ஆறாயியைப் பார்த்தார். இனி அவள்தான் சொல்லவேண்டும். ஆறாயி சொன்னாள்.

"மெய்தாங்கம்மா. முகாம மடுப் பக்கமிருந்து முள்ளியவளைக்கு மாத்தின பொறகு நடந்தது. அந்தத் தேன தம்பி கையாலதான் பிழிஞ்சிச்சு, மழைக்குள்ள. அம்மாவுக்கு இருமல்னு வச்சிருந்திச்சு. ஷெல்லு பட்டுத் தம்பிக்கு வயித்துல காயம். மருந்து ஒண்ணும் இல்ல. புண்ணுக்குத் தேன் தடவிச் சீலை கட்டுறது தம்பிதான் எங்களுக்குச் சொல்லித் தந்தது. நான் இந்தப் போத்தலத்தான் எடுத்தேன். கையப் புடிச்சிக்கிச்சு. 'வேணாம் ஆறாயி, இந்தக் காயத்துக்குத் தேன் கேக்காது. அது அம்மாவோடது, கொண்டு போய்க் குடுங்க' அப்பிடின்னுச்சு. ராவு தாண்டல. பாலை மரத்துக்குக் கீழ அடக்கம் பண்ணி வச்சோம்."

அவள் மூச்சு வாங்கினாள். "ஒன்றர வருசமா எடம் எடமா ஓடி ஓடித் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். நடுவுல எம் பேரனுக்குக் கால்ல காயம். சீழ் புடிச்சிருச்சு. பாதித் தேன அவனுக்குத் தடவிட்டேங்க. புள்ள நடக்கிறான். மன்னிச்சிருங்கம்மா."

"அதுக்குத்தானே தேன்" என்றார் மாக்ரெட்.

றோஸி ராசிக்கை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கள் மடுத் தேனெண்டு தந்தது?"

இதைவிட அவன் செத்திருக்கலாம். "பிபிலைத் தேன், தங்கச்சி. நான் பொய் சென்னன்."

"மாமிக்கு ஒண்டு, எனக்குச் சின்னன் ஒண்டு" என்றாள் அவள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் கொடுமை. "ஒவ்வொரு நாளும் பஸ்ஸில ஏற முன்னம் ஒரு சொட்டு நாக்கில வைப்பன். அவர் கிடக்கிற மண்ணில பூத்ததெண்டு நினைச்சன். எனக்கு அழ ஏலாதே. கறுப்புப் போட ஏலாது, பூசை ஒப்புக்குடுக்க ஏலாது. அது ஒண்டுதான் எனக்கிருந்தது."

நாகேந்திரம் எழுந்து பயணப் பையை எடுத்துக் கண்ணில் படாதபடி கதவுக்குப் பின்னால் வைத்தார்.

மாக்ரெட் அரைப் போத்தலை எடுத்துத் துணியைத் திருகினார். நுரை அடங்கும்வரை பார்த்திருந்தார். தவக்காலம் என்பதை மறந்தாரோ, பொருட்படுத்தவில்லையோ, ஒரு சொட்டைத் தன் நாக்கில் வைத்தார். அடுத்த சொட்டை விரலில் எடுத்து றோஸியின் வாயில் வைத்தார்.

"இதுதான் அவன் அனுப்பினது. புளிக்குது, என்ன?"

றோஸி தலையாட்டினாள். ஒன்றரை வருஷம் அடைத்து வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெடித்தது. மாக்ரெட் அழவில்லை. அவள் அடங்கும்வரை தலையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு மெசின் லாச்சியை இழுத்து அளவு நாடாவை எடுத்தார்.

"எழும்பு பிள்ளை. கையைத் தூக்கு." நாடாவை அவள் மார்பைச் சுற்றிப் போட்டார். "தம்பி, அந்தப் பென்சிலை எடுத்து எழுதுங்கோ. முப்பது." நாடாவைத் தளர்த்தி மறுபடி பார்த்தார். "முப்பதுதான். கலியாணச் சட்டைக்கு முப்பத்திநாலு எடுத்தனான். இதைக்கூடக் காணாமல் இருந்திருக்கிறன்."

ராசிக் கடதாசியில் முப்பது என்று எழுதினான். கை, தோள், இடுப்பு என்று அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எழுதினான். எல்லாம் முடிந்ததும் மாக்ரெட் நாடாவை றோஸியின் கையில் கொடுத்துவிட்டுத் தன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"இப்ப என்னை அள, பிள்ளை. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கறுப்புத் துணி எடுக்கவேணும்."